லைக்கா எம்3 வாங்கும் முன்: வகை, நிலை, விலை, காகிதம்

ஃபிலிம் கேமரா பைத்தியம் பிடித்த எவரும் ஒருநாள் லைக்கா எம்3 வாசலில் வந்து நிற்பார்கள். ஜெர்மனிக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்தவர் என்றால் அந்த நாள் கொஞ்சம் சீக்கிரமே வரும். கேமரா பிறந்த வெட்ஸ்லார், ஃபிராங்க்ஃபர்ட்டில் ரயிலேறினால் சுமார் ஒரு மணி நேரம். கடைகள், பழைய கேமராச் சந்தைகள், இணைய விளம்பரங்கள் என்று எங்கு பார்த்தாலும் எம்3 கண்ணில் படும். ஆனால் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் கேமராவுக்கு ஒருவர் 800 யூரோ கேட்பார், இன்னொருவர் 2,500 கேட்பார். ஏன் என்று கேட்டால் சீரியல் எண், இரட்டை வீச்சு, ஒற்றை வீச்சு, கண்ணாடித் தகடு, நாய்க்காது என்று தனி பாஷையே பேசுவார்கள். அதைப் புரிந்துகொள்ள நான் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. நீங்கள் அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று. படம் எடுக்க வாங்குகிறவர் வகைக்குக் காசு கொடுக்கக் கூடாது, கேமராவின் நிலைக்குத்தான் கொடுக்க வேண்டும். 1954 முதல் 1966 வரை 2 லட்சத்துக்கும் மேல் எம்3 செய்திருக்கிறார்கள். இது கிடைக்காத பொருள் அல்ல. இன்றைக்கு விட்டால் அடுத்த வாரம் இன்னொன்று வரும். "இன்னொருத்தர் கேட்டிருக்கார், சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க" என்று அவசரப்படுத்துபவரிடம் வாங்காதீர்கள்.

1. உங்களுக்கு எம்3தான் வேண்டுமா?

எம்3 ஒரு 50 மி.மீ. கேமரா. கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் காட்சியை 0.91 மடங்கு அளவில் காட்டும். கிட்டத்தட்ட வெறுங்கண்ணால் பார்க்கும் அளவு. இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டே படம் எடுக்கலாம். உள்ளே 50, 90, 135 ஆகிய மூன்று லென்ஸுகளுக்கும் படத்தின் எல்லையைக் காட்டும் சட்டக்கோடுகள் உண்டு. 50-இன் சட்டம் எப்போதும் தெரியும்; மற்ற இரண்டும் அந்தந்த லென்ஸை மாட்டினால் வரும்.

35 மி.மீ. லென்ஸில் தெருப்படம் எடுப்பதுதான் உங்கள் ஆசை என்றால் எம்3-ஐ மறந்துவிடுங்கள். அதற்குச் சட்டமே கிடையாது. முன்னால் மூக்குக் கண்ணாடி போல ஒரு பாகம் ஒட்டிய 35 மி.மீ. லென்ஸுகள் இதற்கென்றே செய்யப்பட்டன. பார்வை மங்கும், கனமும் கூடும். உங்களுக்கு அதே லைக்கா குடும்பத்து எம்2 தான் சரி. அதில் பெரிதாக்கம் 0.72, சட்டங்கள் 35, 50, 90.

மூக்குக் கண்ணாடி போடுபவர்களுக்கு இன்னொரு விஷயம். எம்3-இன் கண் வைக்கும் துளையைச் சுற்றி இருப்பது வெறும் உலோக வளையம். உங்கள் கண்ணாடியில் கீறல் போடும். அதற்கு மேல் ஒட்டும் ரப்பர் வளையம் சில யூரோவுக்குக் கிடைக்கிறது, கேமராவோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

எம்3-க்குள் ஒளிமானி இல்லை, பேட்டரியும் இல்லை. கைபேசியில் இலவச ஒளிமானிச் செயலி போதும். மேலே மாட்டும் லைக்காமீட்டர் என்ற பழைய ஒளிமானியைச் சேர்த்து விற்க வருவார்கள், அதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். செலீனியம் வகை பெரும்பாலும் செத்திருக்கும். பிற்காலத்து எம்ஆர் வகைக்கு 1.35 வோல்ட் பாதரச பேட்டரி வேண்டும், அது இப்போது விற்பனையில் இல்லை.

2. மொத்தக் கணக்கைப் போடுங்கள்

பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) விலையை மட்டும் பார்த்துக் கிளம்பியவர்கள் எல்லோரும் பாதி வழியில் மாட்டிக்கொள்வார்கள். நான் பார்த்த வரை ஜெர்மனியில் நிலவரம் சுமாராக இப்படி:

பயன்படுத்தக்கூடிய நிலையில், தேய்மானத்தோடு இருக்கும் பாடி 900 முதல் 1,500 யூரோ. பழைய பெட்டி, காகிதம், பளபளப்பு எல்லாம் இருந்தால் 2,000-ஐத் தாண்டும். முழு சர்வீஸ் தனிப்பட்ட மெக்கானிக்கிடம் 300 முதல் 500. லென்ஸ் 100 யூரோவிலும் தொடங்கலாம், 1,500-க்கும் போகலாம்.

சர்வீஸ் காசை முதல் நாளே ஒதுக்கி வையுங்கள். 60, 70 வயதான இயந்திரம் இது. அண்மையில் சர்வீஸ் செய்த ரசீது கைக்கு வரும் வரை, சர்வீஸ் செய்யாதது என்றே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு கடையில் "முழுசா சர்வீஸ் செய்தது" என்று அட்டையில் எழுதி வைத்து 400 யூரோ கூடுதலாகக் கேட்டார்கள். யார் செய்தது, எப்போது, ரசீது இருக்கிறதா என்று கேட்டதும் "எங்க ஆளு பார்த்தாரு" என்பதில் வந்து நின்றது. நான் நடையைக் கட்டினேன்.

3. வகைகளை அடையாளம் காணுங்கள்

எம்3 பன்னிரண்டு வருடம் ஒரே பெயரில் வந்தாலும் உள்ளும் புறமும் மாறிக்கொண்டே இருந்தது. மாற்றங்கள் ஒரே நாளில் நடக்கவில்லை, ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. அதனால் முந்தையதின் ஒரு குணமும் பிந்தையதின் இன்னொரு குணமும் கலந்த கேமராக்கள் ஏராளம். அதைப் பார்த்துவிட்டுப் போலி என்று முடிவு கட்ட வேண்டாம்.

சீரியல் எண் மேல்தகட்டில் ஃப்ளாஷ் மாட்டும் இடத்தருகே பொறித்திருக்கும். எம்3 எண்கள் 7,00,000-இல் தொடங்குகின்றன. எந்த எண் எந்த வருடம் என்ற பட்டியல் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். அதைக் கைபேசியில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீச்சு: ஆரம்பகால எம்3-இல் அடுத்த படத்துக்கு ஃபிலிமை நகர்த்த லீவரை இரண்டு முறை தள்ள வேண்டும். 1958-இல், எண் 9,19,000-ஐ ஒட்டி, ஒரே தள்ளலுக்கு மாற்றினார்கள். சந்தையில் ஒற்றை வீச்சுக்கு விலை அதிகம். என்னைக் கேட்டால் இந்த விலை வித்தியாசம் தேவையில்லாதது. இரட்டை வீச்சு இரண்டாம் ரோலுக்குள் கைக்குப் பழகிவிடும். நன்றாக இருப்பதன் லீவர் வெண்ணெய் போல் போகும். வழுக்குகிறதா, இரண்டாம் தள்ளலில் பிடி விடுகிறதா என்று மட்டும் பாருங்கள். இன்னொன்று: பழைய இரட்டை வீச்சுக் கேமராக்களைப் பலர் பிற்பாடு லைக்காவைச் செய்த லைட்ஸ் நிறுவனத்திடமே கொடுத்து ஒற்றை வீச்சாக மாற்றிக்கொண்டார்கள். எண் 1955-ஐக் காட்டும், லீவர் ஒற்றை வீச்சாக இருக்கும். சேகரிப்பாளர் முகம் சுளிப்பார். உங்களுக்கு அது லாபம்.

ஷட்டர் வேகங்கள்: பழைய வட்டில் 1/5, 1/10, 1/25, 1/50, 1/100 என்று இருக்கும். 1957 வாக்கில் இன்றைய வரிசைக்கு மாறியது: 1/15, 1/30, 1/60, 1/125. கைபேசிச் செயலி 1/125 என்று சொன்னால் பழைய வட்டில் 1/100 வைத்துக்கொள்ள வேண்டியதுதான். நெகட்டிவ் ஃபிலிமுக்கு இந்த வித்தியாசம் உறைக்கவே உறைக்காது. ஸ்லைடு ஃபிலிம் போடுபவர் மட்டும் கவனிக்கலாம்.

சட்டம் மாற்றும் லீவர்: லென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லீவர். தள்ளிப் பிடித்தால் 90, 135 சட்டங்களை லென்ஸ் மாற்றாமலே பார்க்கலாம். முதல் வருடத்துக் கேமராக்களில் இது இருக்காது, 1955-இல் வந்தது. இல்லாதது ஒரு குறையே அல்ல. ஆனால் விற்பவர் அதை "அபூர்வ முதல் வகை" என்று கூவுவார், கேட்டுக்கொண்டே பேரம் பேசுங்கள்.

அழுத்தும் தகடு: ஃபிலிமைப் பின்னாலிருந்து அழுத்தும் தகடு ஆரம்பத்தில் கண்ணாடியில் இருந்தது, பிறகு உலோகத்துக்கு மாறியது. கண்ணாடித் தகடு உள்ளதை வாங்கினால் பின்கதவைத் திறந்து விளிம்பில் சில்லு பெயர்ந்திருக்கிறதா, கீறல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கீறிய கண்ணாடி ஒவ்வொரு ஃபிலிமையும் கீறும்.

வார் மாட்டும் காது: பழையதில் அடியில் தட்டையாக விரிந்த காது, நாய்க்காது என்பார்கள். பிந்தையதில் வெறும் வட்டக் குமிழ். படத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இதற்கு ஒரு யூரோகூடக் கூட்டிக் கொடுக்க வேண்டாம்.

கருப்புப் பெயின்ட் அடித்த எம்3: தொழிற்சாலையிலேயே கருப்பாக வந்தவை மிகச் சில, விலை கார் விலை. உங்கள் பட்ஜெட்டில் கருப்பு எம்3 கண்ணில் பட்டால் அது பிற்பாடு யாரோ பெயின்ட் அடித்தது. அழகாக இருக்கலாம், வாங்கலாம்; ஆனால் மேல்தகட்டைக் கழற்றி மறுபடி மாட்டியிருக்கிறார்கள் என்பதை மனதில் வைத்து, உள்ளே இருப்பதை இரு மடங்கு கவனமாகப் பாருங்கள்.

அப்புறம், 200 யூரோவுக்குத் தங்க நிறத்தில், போர்க்காலச் சின்னங்கள் பொறித்து, மர உறையோடு "லைக்கா" என்று சந்தையில் விற்பார்களே, அவை பெரும்பாலும் ஃபெட், ஸோர்க்கி என்ற சோவியத் கேமராக்கள்தான். மேலே பெயரை மட்டும் புதிதாகப் பொறித்திருப்பார்கள். எம்3-க்கும் அவற்றுக்கும் உருவத்திலேயே ஒற்றுமை கிடையாது என்றாலும் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

4. எங்கே வாங்குவது

மூன்று வழிகள்: கடை, சந்தை, தனி நபர்.

கடையில் விலை அதிகம், அதற்குப் பதிலாகச் சட்டப் பாதுகாப்பு. பழைய பொருளுக்கும் விற்பனையாளர் குறைபாட்டுப் பொறுப்பு ஏற்க வேண்டும்; பழைய பொருள் என்பதால் அதை ஒரு வருடமாகக் குறைத்து எழுதிக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. கடையின் இணையதளத்தில் வாங்கினால் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பி அனுப்பலாம். இங்கே ஒரு பொறி: அதே கடைக்கு நேரில் போய் வாங்கினால் அந்த 14 நாள் உரிமை சட்டப்படி கிடையாது. கடைக்காரராக மனமுவந்து தந்தால்தான் உண்டு. அதனால் நேரில் போனால் அங்கேயே நிதானமாகச் சோதியுங்கள், இணையத்தில் வாங்கினால் பார்சல் வந்த அன்றே சோதியுங்கள்.

தனி நபர் விற்கும்போது எல்லாப் பொறுப்பையும் ஒரு வரியில் விலக்கிவிடலாம். தெரிந்தே மறைத்த குறை என்றால் மட்டும் கேள்வி கேட்கலாம், ஆனால் தெரிந்துதான் மறைத்தார் என்று நிரூபிப்பது உங்கள் தலைவலி. விளம்பரத்தில் மூன்று ஜெர்மன் சொற்களைப் பார்த்தால் உஷாராகுங்கள். "உங்கெப்ரூஃப்ட்" என்றால் சோதிக்கவில்லை. "பாஸ்ட்லர்" என்றால் பிரித்துப் பார்க்கிறவருக்கானது, அதாவது ஓடாது. "டாக்போடன்ஃபுண்ட்" என்றால் பரணில் கிடைத்ததாம். பரணில் கிடைத்ததை அவர் சோதிக்காமல் விற்கிறார் என்று எப்படி நம்புவது? சோதித்துப் பார்த்து ஓடாததால்தான் "பரண்" என்கிறார்கள் என்பது என் கட்சி.

பேபாலில் "நண்பர், குடும்பம்" வழியாகப் பணம் அனுப்பச் சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள். அந்த வழியில் வாங்குபவருக்குப் பாதுகாப்பு கிடையாது.

ஜப்பானிலிருந்தோ பிரிட்டனிலிருந்தோ மலிவாகத் தெரிவதை வாங்கும்போது அனுப்பும் செலவையும் கூட்டி, அந்த மொத்தத்தின் மேல் ஜெர்மன் இறக்குமதி வரி 19 சதவீதத்தைப் போட்டுப் பாருங்கள். சுங்கத்தீர்வை இருந்தால் அது தனி. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போனதை மறந்துவிட்டு வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

5. கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை

சின்ன டார்ச் ஒன்று, கைபேசி, பழைய ஃபிலிம் துண்டு ஒன்று. இவை போதும்.

முதலில் ரேஞ்ச்ஃபைண்டர், அதாவது தூரம் பார்த்து ஃபோகஸ் செய்ய உதவும் அமைப்பு. மற்ற எல்லாவற்றையும் பிறகு பார்க்கலாம். வியூஃபைண்டரின் நடுவே ஒரு பளிச்சென்ற செவ்வகம் தெரிய வேண்டும், அதற்குள் இரட்டை உருவம் தெளிவாக, விளிம்பு கத்தரித்தாற்போல் இருக்க வேண்டும். எம்3-இன் உள்ளே இருக்கும் பிரிஸம் இரண்டு கண்ணாடித் துண்டுகளைப் பசையால் ஒட்டியது. வயதாகப் பசை விட்டுப்போகும். கேமரா எங்காவது இடிபட்டால் ஒரே நொடியில் பிரிந்து, செவ்வகம் இருண்டு காணாமலே போய்விடும். செவ்வகம் மங்கலாக இருந்தால் அழுக்காக இருக்கலாம், சர்வீஸில் சரியாகும். ஆனால் ஓரத்திலிருந்து பழுப்பாகவோ கருப்பாகவோ படர்ந்து வந்தால் பசை பிரியத் தொடங்கிவிட்டது என்று பொருள். கேமராவை வைத்துவிட்டுக் கிளம்புங்கள். பிரிஸத்தைப் பிரித்து மறுபடி ஒட்டித் தருகிறவர்கள் ஒருசிலரே, செலவும் காத்திருப்பும் சாதாரண சர்வீஸைப் போலப் பல மடங்கு. மேல்தகட்டின் மூலையில் பள்ளம் இருக்கும் கேமராவில் இதை இரண்டு முறை பாருங்கள்.

அடுத்து, தொலைவில் உள்ள கோபுர உச்சியையோ ஆன்டெனாவையோ பார்த்து லென்ஸை முடிவிலிக்குத் திருப்புங்கள். இரண்டு உருவமும் ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் படிய வேண்டும். பக்கவாட்டில் கொஞ்சம் விலகியிருந்தால் பரவாயில்லை, மெக்கானிக் சில நிமிடத்தில் திருத்துவார். மேல் கீழாக விலகியிருந்தாலும் திருத்தலாம், ஆனால் அதைச் சொல்லி விலை குறைக்கலாம்.

ஷட்டர். ஒரு நொடி வேகத்தில் வைத்து அழுத்துங்கள். உள்ளே பல்சக்கரம் ஒரே சீராக ஓடும் சத்தம் கேட்க வேண்டும். நடுவில் திக்கினால், நின்று போனால், எண்ணெய் காய்ந்திருக்கிறது. இது மிகச் சாதாரணம், சர்வீஸில் போய்விடும். இதற்காகக் கேமராவை ஒதுக்க வேண்டாம்; சர்வீஸ் காசை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, வெளிச்சமான சன்னலை நோக்கிக் கேமராவைப் பிடித்து கைபேசியின் மெதுவோட்ட வீடியோவில் எல்லா வேகத்தையும் பதிவு செய்யுங்கள். மெதுவான வேகங்களை வீடியோவில் எண்ணியே சரிபார்க்கலாம். 1/1000-இல் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் இருட்டு என்று திரும்பத் திரும்ப வந்தால் திரைகளின் வேகம் ஒத்துப்போகவில்லை. அதுவும் சர்வீஸ் வேலைதான்.

திரைச்சீலை. ஷட்டர் திரைகள் ரப்பர் பூசிய துணி. லென்ஸைத் திறந்து வெயிலில் வைத்தால், சிறுவயதில் பூதக்கண்ணாடியால் காகிதம் எரித்தோமே, அதேபோல் துணியில் துளை விழும். இருட்டான மூலையில் டார்ச்சை முன்பக்கம் அடித்துப் பின்னாலிருந்து பாருங்கள். பிறகு லீவரைத் தள்ளிவிட்டு இன்னொரு முறை பாருங்கள், ஏனென்றால் திரைகள் இரண்டு. ஊசிமுனை அளவு ஒளி தெரிந்தால் ஒவ்வொரு படத்திலும் ஒரு வெள்ளைப் பொட்டு விழும். சின்னத் துளையை அடைக்கலாம். துணி மடிப்பு மடிப்பாக வெடித்திருந்தால் மாற்ற வேண்டும், அது பெரிய செலவு.

சட்டம் மாற்றும் லீவரை இரு பக்கமும் தள்ளி விடுங்கள், தானாகத் திரும்ப வேண்டும். டைமர் லீவரைச் சுற்றிவிட்டு அதனடியில் உள்ள பொத்தானை அழுத்துங்கள். அடித்தகட்டைக் கழற்றி, ஃபிலிம் சுற்றும் கழலும் ஸ்பூல் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாமலே விற்கிறார்கள், தனியாக வாங்கினால் அநியாய விலை. பழைய ஃபிலிம் துண்டு இருந்தால் போட்டுச் சில முறை நகர்த்திப் பாருங்கள்.

லென்ஸ் மாட்டும் வளையத்தின் உச்சியில் ஒரு திருகின் மேல் மெழுகு முத்திரை, அதில் ஒரு எழுத்து பதிந்திருந்தால், தொழிற்சாலையை விட்டு வந்தபின் யாரும் திறக்கவில்லை என்று பொருள். சேகரிப்பாளர்கள் இதற்குத் தனி விலை கொடுப்பார்கள். எனக்கு இது ஒரு எச்சரிக்கை: அறுபது வருடமாக யாரும் எண்ணெய் போடவில்லை.

கருப்புத் தோல்போல் இருக்கும் வல்கனைட் மேலுறை சில்லு சில்லாக உதிரும். பார்க்க அசிங்கம், ஆனால் மாற்றுத் தோல் எளிதாகக் கிடைக்கும். விலை குறைக்க இதைவிட நல்ல சாக்கு இல்லை.

6. லென்ஸ்

லைக்காவின் சம்மிக்ரான் 50 எஃப்2 லென்ஸ்தான் இதற்கு இயல்பான துணை. உள்ளே மடங்கும் வகை மலிவு, ஆனால் அதன் முன்கண்ணாடிப் பூச்சு மென்மையானது. துடைத்துத் துடைத்துக் கீறாத ஒன்றைக் காண்பது அபூர்வம். மடங்காத வகை 1956-இல் வந்தது, விலை கூடும், அதற்குத் தகுதியானதுதான். டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்து முன்னால் பாருங்கள். பனிபோல் படலம் தெரிந்தால் பெரும்பாலும் சுத்தம் செய்யலாம். நூல் நூலாகப் படர்ந்திருந்தால் பூஞ்சை, விட்டுவிடுங்கள்.

கையிருப்பு குறைவு என்றால் பழைய திருகு மவுண்ட் லென்ஸுகளை அடாப்டர் போட்டு மாட்டலாம். கேனான் 50 எஃப்1.8 நம்பகமானது. சோவியத் ஜுபிடர்-8 இன்னும் மலிவு, அழகாக வரையும், ஆனால் கிட்டத்தில் ஃபோகஸ் கொஞ்சம் தப்பும். எல்லாப் பிரதியும் ஒன்றுபோல் இருக்காது. அடாப்டர் வாங்கும்போது 50-75 என்று குறித்ததை வாங்குங்கள். 28-90 வகையை மாட்டினால் 50-இன் சட்டத்தோடு 90-உம் சேர்ந்து வந்து கண்ணை உறுத்தும், 35-135 வகையில் 135-உம் வரும். படம் கெடாது, எரிச்சல்தான்.

7. காகிதங்கள்

கடையில் வாங்கினால் ரசீதில் கேமராவின் சீரியல் எண், லென்ஸின் சீரியல் எண் இரண்டும் எழுதப்பட்டிருக்க வேண்டும். "பழைய லைக்கா ஒன்று" என்று மட்டும் எழுதிய ரசீது காப்பீட்டுக்கும் சுங்கத்துக்கும் உதவாது. கேட்டால் உடனே எழுதித் தருவார்கள், கேட்கத்தான் வேண்டும்.

தனி நபரிடம் வாங்கினால் ஒரு பக்கத்தில் எழுத்து ஒப்பந்தம்: இருவர் பெயர், முகவரி, எண்கள், விலை, தேதி, கையெழுத்து. அவருடைய அடையாள அட்டையைப் பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திருட்டுக் கேமராவை நல்லெண்ணத்தோடு வாங்கினாலும் ஜெர்மன் சட்டப்படி அது உங்களுக்குச் சொந்தமாகாது. உரியவர் கேட்டால் கொடுக்க வேண்டும், காசுக்கு விற்றவரைத்தான் துரத்த வேண்டும். விற்பவர் காகிதத்தில் எழுதத் தயங்கினால் நீங்களும் தயங்குங்கள்.

வரியைத் திரும்பப் பெறுவது பற்றிப் பலருக்கு ஒரு தப்பான நம்பிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிக்கிற சுற்றுலாப் பயணி ஜெர்மனியில் 50 யூரோவுக்கு மேல் வாங்கினால், கிளம்பும்போது சுங்கத்தில் முத்திரை வாங்கி மதிப்புக்கூட்டு வரியைத் திரும்பப் பெறலாம் என்பது உண்மைதான். ஆனால் பழைய பொருள் கடைகள் பெரும்பாலும் தங்கள் லாபத்துக்கு மட்டும் வரி கட்டும் முறையில் விற்கின்றன; ரசீதில் 25ஏ என்ற பிரிவு எண் இருக்கும், வரி தனியாகக் காட்டப்படாது. காட்டப்படாத வரியைத் திரும்பக் கேட்க முடியாது. "19 சதவீதம் திரும்பி வரும், அதனால விலை சரிதான்" என்று மனக்கணக்குப் போடும் முன் ரசீது எந்த முறையில் வரும் என்று கடையில் கேளுங்கள்.

8. சர்வீஸ்

வாங்கிய கையோடு அனுப்பிவிடாதீர்கள். முதலில் ஒரு ரோல் எடுத்துக் கழுவிப் பார்த்துவிட்டு, என்ன கோளாறு என்று தெரிந்தபின் அனுப்பினால் மெக்கானிக்கிடம் சொல்ல விஷயம் இருக்கும். கடையில் வாங்கியதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை: கோளாறு தெரிந்தால் முதலில் கடைக்காரருக்கு எழுத்தில் சொல்லுங்கள், சரிசெய்யும் வாய்ப்பு அவருக்கு. நீங்களே வேறு ஆளிடம் கொடுத்துப் பிரித்துவிட்டால் பிறகு கடையைக் கேட்பது கடினம்.

லைக்கா நிறுவனமே இன்னும் எம்3-ஐ சர்வீஸ் செய்கிறது, விலை மேல்தட்டு. தனி மெக்கானிக்குகள் பலர் லைட்ஸிலேயே பயிற்சி பெற்றவர்கள், விலை குறைவு. யாராக இருந்தாலும் வாரக்கணக்கு, சிலரிடம் மாதக்கணக்கு. கல்யாணம், ஊர்ப்பயணம் என்று ஏதாவது தேதி மனதில் இருந்தால் நாலைந்து மாதம் முன்பே அனுப்புங்கள். அனுப்பும் முன் மதிப்பீடு எழுத்தில் கேளுங்கள், பார்சலுக்குக் கேமராவின் முழு மதிப்புக்குக் காப்பீடு போடுங்கள். சாதாரண பார்சலின் காப்பீட்டு வரம்பு எம்3-க்குப் போதாது.

9. முதல் ரோல்

அடித்தகட்டைக் கழற்றி, ஸ்பூலை வெளியே எடுத்து, ஃபிலிம் நாக்கை அதில் செருகி, இரண்டையும் சேர்த்து உள்ளே இறக்குங்கள். பின்கதவை மூடும் முன் ஓட்டைகள் பல்சக்கரத்தில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஸ்பூலை வெளியே எடுத்ததுமே எண்ணிக்கை தானாகத் தொடக்கத்துக்குத் திரும்பும், எம்2-இல் அந்த வசதி இல்லை. லீவரைத் தள்ளும்போது இடப்பக்கத்துக் குமிழில் உள்ள சிவப்புப் புள்ளிகள் சுற்றினால் ஃபிலிம் நகர்கிறது. சுற்றவில்லை என்றால் 36 வெற்றுப் படங்களை எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கருப்பு வெள்ளை ரோல் சுமார் 10 யூரோ. கழுவி ஸ்கேன் செய்ய லேபில் அதைவிடக் கொஞ்சம் அதிகம். கலர் ஃபிலிம் என்றால் டிஎம், ராஸ்மன் கடைகளில் உறையில் போட்டுவிட்டு வரலாம், மலிவு. பெரிய லேபுக்குப் போய் வருவதால் ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும், கருப்பு வெள்ளைக்கு இன்னும் கூட. சோதனை ரோலுக்கு இது பொருந்தாது: 14 நாள் திருப்பும் கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது உறை இன்னும் வந்திருக்காது. அதை உள்ளூர் லேபில் கொடுத்து இரண்டு நாளில் வாங்கிவிடுங்கள்.

சோதனை ரோலில் ஒவ்வொரு வேகத்திலும் ஒரு படம், கிட்டத்தில் ஒன்று, நடுத்தூரத்தில் ஒன்று, முடிவிலியில் ஒன்று என்று எடுத்து, வரிசையை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சீரான வானத்தையும் நாலைந்து படம் எடுங்கள், துளையும் திரைக்கோளாறும் அதில்தான் கண்ணில் படும்.

10. ஊருக்குக் கொண்டுபோகும்போது

ஃபிலிமைப் பெட்டியில் வைத்து விமானத்தில் ஏற்றிவிடாதீர்கள், அங்கே ஸ்கேன் கடுமையாக இருக்கும். கைப்பையில் வைத்து, கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். புதிய சிடி வகை ஸ்கேனர்கள் வந்த விமான நிலையங்களில் குறைந்த ஐஎஸ்ஓ ஃபிலிமும் பாழாகலாம். ஒளிபுகும் பையில் ரோல்களை டப்பா இல்லாமல் தனியாக வைத்திருந்தால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். கேமராவுக்குள் ஃபிலிம் இருக்கும்போது இந்தப் பேச்சு நடக்காது, அதனால் ரோலை முடித்துச் சுற்றி எடுத்துவிட்டுப் போங்கள்.

இந்தியாவுக்குள் நுழையும்போது ரசீதின் நகல் கைப்பையில் இருக்கட்டும். இந்தியாவில் வசிக்கிறவர் தன் எம்3-ஐ வெளிநாட்டுப் பயணத்துக்குக் கொண்டுபோகிறார் என்றால், கிளம்பும் விமான நிலையத்திலேயே சுங்க அதிகாரியிடம் சீரியல் எண்ணோடு ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளலாம். திரும்பி வரும்போது புதிதாக வாங்கியது என்று கேள்வி வராது. வரிசையில் நிற்க நேரம் வேண்டும், வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள்.

ஊரில் இருக்கும் தம்பிக்குக் கூரியரில் அனுப்புவதை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். கேமரா விலையோடு அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் கூட்டி அந்தத் தொகைக்குச் சுங்கவரி போடுவார்கள். பெறுபவர் அடையாள ஆவணங்களைப் பதிவேற்ற வேண்டும், பழைய பொருள் என்பதால் கேள்விகளும் கூடும், அதுவரை பெட்டி கிடங்கில் கிடக்கும். ரசீதில் விலையைக் குறைத்துப் போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வழியில் தொலைந்தால் அந்தக் குறைத்த விலைதான் திரும்பி வரும்.